நூலால் இயன்ற நூல்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இருபொருள் பயப்பது. பஞ்சினின்றும் திரிக்கும் இழையும் நூல். புலவன் யாத்த ஏடும் நூல். நூற்கும் தொழிலையும் நூல் யாக்கும் தொழிலையும் ஒருங்கு வைத்து ஒப்புக் காட்டிய நன்னூற் பாயிரத்தைச் சிறப்புத் தமிழ் வகுப்பில் ஓதாதார் இலர். அவ்வொப்புமையை யாம் நெடுநாளாக ஓர் அழகிய உவமை என்ற அளவிலேயே கொண்டிருந்தேம். இழையைக் கொண்டே எழுதப்பட்டு, காலடியில் விரிக்கப்பட்டு, கண்ணாற் படிக்கப்படும் ஏடுகள் மெய்யாகவே உலகில் உள என்பதைப் பின்னரே அறிந்தேம். சீனத்துப் பழங்கம்பளங்களே அவை. அவற்றின் அமைப்பையும், அவை நெஞ்சைக் கவரும் திறத்தையும் பற்றி எம் கருத்தைச் சிறிது கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. விடுதியில் ஒருநாள் மாலை யாம் காளமேகப் புலவரின் சிலேடை வெண்பா ஒன்றை மனனஞ் செய்துகொண்டிருந்தேம். அறிவியல் பயிலும் தோழர் ஒருவர் அதனைக் கேட்டு, "பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டாம்! ஒரு சொல்லுக்கு இருபொருள் காட்டுதலும் ஒரு கல்வியோ? விடுகதை போடும் சிறுவர்க்கன்றோ அது தக்கது?" என்று நகையாடினார். அவர்க்கு விடை கூற இயலாமல் அன்று வாய்வாளாது இருந்தேம். சின்னாட் கழித்துக் கல்லூரி நூல்நிலையத்தில் சீனக் கலையைப் பற்றிய படநூல் ஒன்றைப் புரட்டுகையில், அவ்விடை கம்பள வடிவில் எம் கண்முன் தோன்றிற்று. அதனை ஈண்டு எழுதுகின்றேம். தோழர் இதனைப் படிப்பார் என்று நம்புகின்றேம்.

முதற்கண் பொருளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சீனத்தின் பழங்கம்பளங்கள் என இன்று போற்றப்படுவன பெரும்பாலும் மிங் மரபினர் ஆண்ட காலத்திலும் (1368 முதல் 1644 வரை), அவர்க்குப் பின் சிங் மரபினர் ஆண்ட காலத்திலும் (1644 முதல் 1912 வரை) நெய்யப்பட்டவை. பட்டு சீனத்தின் நடுவண் நாட்டுச் செல்வம். கம்பளியோ வடமேற்கு எல்லைச் செல்வம். மஞ்சளாறு வளைந்து செல்லும் நிங்சியா, கான்சு முதலிய புறநிலங்களில் ஆட்டு மந்தைகள் மிகுதி. மங்கோலியப் புல்வெளியின் ஆட்டுமயிரும் அங்கு வந்து சேரும். ஆகவே கம்பளம் நெய்யும் தொழிலும் அங்கேயே வேரூன்றிற்று. அவற்றுள்ளும் நிங்சியாவே தலைசிறந்ததாகக் கருதப்பட்டது.

அங்கு நெய்யப்பட்டவை யாவும் தரையில் விரிப்பதற்கே ஆனவை என்று எண்ணுதல் கூடாது. வடசீனத்தின் குளிர் கொடிது. ஆங்குள்ள வீடுகளில் செங்கல்லாற் கட்டிய மேடை ஒன்று உண்டு. அடுப்பின் வெப்பம் அதன் அடியிற் புகுந்து செல்லும்படி அமைத்திருப்பர். 'காங்' எனப்படும் அம்மேடையின்மீதே வீட்டார் பகலில் அமர்வர்; இரவில் உறங்குவர். அதன்மேல் விரிப்பதற்கென ஒருவகைக் கம்பளம் இருந்தது. குதிரைச் சேணத்தின் கீழ் இடுவது ஒன்று. நாற்காலியின் இருக்கைக்கும் முதுகுப் புறத்துக்கும் இடுவது ஒன்று. பௌத்த மடங்களில் துறவியர் வரிசையாக அமர்தற்பொருட்டுச் சதுரம் சதுரமாகத் தொடர்ந்து நெய்த நீண்ட விரிப்பு ஒன்று. இவற்றினும் வியப்பை விளைப்பது தூண் கம்பளம். திபெத்திய நெறியைத் தழுவிய மடங்களில் தூண்களைச் சுற்றிப் போர்த்துதற்கு அது பயன்பட்டது. அதனைத் தரையில் விரித்து நோக்கினால் நாகம் போன்ற உடலுடைய சீனத்து யாளி துண்டுபட்டுக் கிடப்பதாகத் தோன்றும். தூணிற் சுற்றி, இருகரையையும் ஒன்று சேர்த்த அளவிலே துண்டுகள் இணைந்து, யாளி முழுவுடலோடு தூணைச் சுற்றி ஏறும். அடியில் கடலலையும் மலையும் விளங்கும். முடிவுறும் இடத்தை மனத்திற் கொண்டே முதலை அமைத்த அக்கைவினைஞரின் நினைவாற்றல் பெரிது.

நெய்யும் முறை கூறுதற்கு எளிது, செய்தற்கு அரிது. நிமிர்ந்து நிற்கும் தறியில் பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டுவர். இரண்டு பாவிழைக்கு ஒரு முடிச்சாகச் சாயமிட்ட கம்பளி இழையைக் கோத்து, நுனியைக் கத்தியால் அறுத்து விடுவர். இங்ஙனம் ஒரு வரிசை முடிந்தபின் ஊடையைச் செலுத்தி அடித்து இறுக்குவர். மீண்டும் முடிச்சு, மீண்டும் ஊடை. நாட்கள் பல கழிய, அறுத்த நுனிகள் யாவும் அருகருகே நின்று மென்மையான பரப்பாகும். அப்பரப்பில் கால் பதிந்தால் ஒலி எழாது. பிற்காலத்தார் உருவங்களின் ஓரத்தைக் கத்தரியால் சரிவாகக் கத்தரித்து, பூவும் கொடியும் சற்றே மேலெழுந்து தோன்றுமாறும் செய்தனர்.

இனி, இக்கம்பளங்களுக்கு எதிராகக் கூறப்படும் முதற்குற்றத்தை ஆராய்வாம். அக்குற்றம் பழையது. 1697ஆம் ஆண்டில் காங்ஷி பேரரசர் நிங்சியாவுக்குச் சென்றகாலை, ழெர்பியோன் என்னும் பிரஞ்சு நாட்டு இயேசுசபைக் குருவும் உடன் சென்றார். ஆங்குப் பேரரசர்க்குக் கம்பளங்கள் காணிக்கையாக அளிக்கப்பட்டன. அவற்றைக் கண்ட குருவானவர், இவை துருக்கிக் கம்பளங்களை ஒத்தவை; ஆயினும் அவற்றினும் பருக்கனானவை என்னும் கருத்துப்படக் குறித்து வைத்தார். பருக்கன் என்பது மெய்யே. இலண்டன் மாநகர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் பாரசீகத்தில் 1539-40இல் முடிக்கப்பட்டது. அதன் ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 340 முடிச்சுகள் உள. சீனத்துப் பழங்கம்பளத்திலோ பெரும்பாலும் 30 முதல் 60 முடிச்சுகளே காணப்படும். முடிச்சை எண்ணி விலை கூறும் வணிகர்க்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை. பாரசீகம் உயர்ந்தது, சீனம் தாழ்ந்தது என்று அவர் தீர்ப்பளித்து விடுவர்.

இத்தீர்ப்பு பொருந்தாது என்பது எம் துணிபு. எழுத்தெண்ணிப் பாட்டின் சிறப்பை அளக்கக்கூடுமாயின், ஒன்றேமுக்கால் அடியால் ஆகிய குறள் எல்லாப் பாவினும் கடைப்பட்டதாதல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் எவருமிலர். பாரசீகக் கம்பளம் மலர் செறிந்த சோலை. கண் வைக்கும் இடமெல்லாம் கொடியும் பூவும் நெருங்கி நிற்கும். அதற்கு நுண்ணிய முடிச்சு இன்றியமையாதது. சீனர் வேண்டியது அஃதன்று. அவர் தளத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டனர். நடுவில் ஒரு வட்டம், நான்கு மூலையில் நான்கு கொத்து, ஆங்காங்கு உதிர்ந்தாற்போன்ற ஒரு பூ, சுற்றிலும் கரை; இவ்வளவே. சில கம்பளங்களில் இவையும் இல்லை. நிறம் ஒன்றே தளமாகப் பரந்திருக்கும். அவ்வெறுமை வறுமையன்று. ஓவியத்தில் மூடுபனிக்காகத் தாளை எழுதாமல் விட்ட அந்நாட்டு ஓவியர் கண்ட உண்மையையே நெசவாளரும் கண்டனர். ஒரு பொருளைச் சுற்றி இடம் விட்டால்தான் அப்பொருள் பேசும். அவையில் ஒருவர் பேச ஏனையோர் கேட்டிருத்தல் போன்றது அது.

கரையைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டுப் புடைவைக்குக் கரை அழகு தருவதுபோல இக்கம்பளத்துக்கும் கரையே வரம்பும் அழகும் ஆகும். முத்துக் கோத்தாற்போன்ற வட்டங்கள் ஒரு வரி. கோணங்கோணமாகத் திரும்பித் தன்னுள்ளே மடங்கும் இடிக்கோலம் என்னும் ஒரு வரி. யாவற்றுக்கும் வெளியே உருவம் எதுவும் இல்லாத கருங்கபில நிறப் பட்டை ஒன்று. நிறங்களும் மிகச் சிலவே. அவுரியால் தோய்த்த நீலம், ஆழ்கடல் போன்றது முதல் வெளுத்த வானம் போன்றது ஈறாகப் பல படியில் வரும். சீனத்து ஒருவகை மரத்தின் பூமொட்டினின்று எடுத்த மஞ்சள் உண்டு. சாயம் ஏற்றாத கம்பளியின் வெண்மை உண்டு. கனிந்த பழத்தின் தோல் போன்ற இளஞ்செம்மஞ்சளும் உண்டு. இந்நான்கைந்து நிறங்களே ஒரு கம்பளத்துக்குப் போதுமானவையாயின. கபில நிறத்துக்கு இரும்புச் சத்துக் கலந்த சாயம் இட்டமையால் அவ்விழைகள் முதலில் அரிப்புண்டு தேய்ந்தன. அதனால் ஏனைய நிறங்கள் புடைத்து நிற்கும் பழங்கம்பளங்களும் பல. காலமே ஒரு சிற்பியாய் வந்து உளி கொண்டாற் போன்றது அத்தோற்றம்.

அமைப்பைக் கூறினேம். இனி அதன் உயிரைக் கூறுவாம். சீனக் கம்பளத்தில் வௌவால் அடிக்கடி வரும். முதலில் இதனைக் கண்டு யாம் திகைத்தேம். நம்மவர் வீட்டினுள் வௌவால் நுழைந்தால் தீநிமித்தம் என்பர். மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் அஃது அருவருக்கத்தக்க பறவைகளின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அத்தகையதனை வீட்டு விரிப்பில் விரும்பி நெய்வார் உளரோ? நெய்தற்குக் காரணம் அவ்விலங்கின் வடிவன்று, அதன் பெயர். சீன மொழியில் வௌவாலுக்கு 'ஃபூ' என்பது பெயர். நற்பேற்றுக்கும் 'ஃபூ' என்பதே பெயர். எழுத்து வேறு, ஒலி ஒன்று. ஆகவே வௌவாலை நெய்தவன் "நற்பேறு உண்டாகுக" என்று எழுதியவன் ஆகின்றான். ஐந்து வௌவால் நெய்தால் ஐம்பேறு: நெடுவாழ்வு, செல்வம், உடல்நலத்தோடு கூடிய அமைதி, அறத்தில் விருப்பம், வாழ்நாள் நிறைந்து வரும் நல்லிறுதி. வௌவாலைத் தலைகீழாக அமைத்தால் பொருள் இன்னும் நயமுடைத்தாம். 'தலைகீழ்' என்பதற்கும் 'வந்துவிட்டது' என்பதற்கும் சீனத்தில் ஒலி ஒன்றே. தலைகீழான வௌவால் "நற்பேறு வந்துவிட்டது" என்று வாயிலில் நின்று அறிவிக்கும் தூதாகின்றது.

இது நம் சிலேடையன்றோ? தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை என்று கூறும் அணியைச் சொல்லால் அன்றி இழையால் செய்து காட்டினர் சீன நெசவாளர். மீனுக்கு 'யூ' என்பது பெயர். குறையாது எஞ்சி நிற்கும் வளத்துக்கும் 'யூ' என்பது பெயர். மான் 'லூ', அரசு தரும் வரிசையும் ஊதியமும் 'லூ'. சாடி 'பிங்', அமைதியும் 'பிங்'. ஆதலின் மூலையில் நிற்கும் பூச்சாடி வெறும் பூச்சாடியன்று. "இவ்வீட்டில் அமைதி நிலவுக" என்னும் வேண்டுகோள். பட்டாம்பூச்சியின் பெயர் எழுபது எண்பது வயது கடந்த முதுமையைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலிப்பது. எனவே முதியோர்க்கு அளிக்கும் விரிப்பில் பட்டாம்பூச்சி பறக்கும். தாமரையின் பெயர் 'இடையறாமை' என்னும் சொல்லோடு ஒத்தது. மாதுளையை நெய்தற்குக் காரணம் அதன் விதை மிகுதி. விதைக்கும் மகனுக்கும் அம்மொழியில் ஒரே சொல். நம் தமிழிலும் 'வித்து' என்பது விதையையும் மரபில் வந்த மக்களையும் குறித்தலை எண்ணுக. மாதுளையோடு நெடுவாழ்வைக் குறிக்கும் பீச்சுப் பழமும், விரல்விட்டு நிற்கும் புத்தர்கை நாரத்தையும் சேர்ந்தால் 'மூவகை நிறைவு' என்பர்.

ஒலியொப்புமை இன்றிக் குறியாக வருவனவும் உள. நெடுவாழ்வு என்னும் பொருளுடைய 'ஷொவ்' என்ற எழுத்தே நடுவட்டமாக அமைந்து தளத்தை ஆளும். சுவஸ்திகக் குறியோ 'வான்' எனப் படிக்கப்படும். அது பதினாயிரம் என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தது. இக்குறியும் 'ஷொவ்' எழுத்தும் இணைந்தால் "பதினாயிரம் ஆண்டு வாழ்க" என்பதாம். இக்காலத்தார் அக்குறியைக் கண்டவுடன் இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியை அழிவுக்கு உய்த்த கொடியை நினைந்து அஞ்சுவர். கம்பளத்துக் குறி அதற்குப் பன்னூறாண்டு மூத்தது. அதன் நெஞ்சில் வாழ்த்தன்றி வேறில்லை. யாழ், ஆடுபலகை, ஏடு, ஓவியச்சுருள் என்னும் நான்கும் ஒருங்கு நெய்யப்பட்டிருப்பின் அவை கற்றோன் பயில வேண்டிய நாற்கலைகள். அக்கம்பளம் ஒரு மாணாக்கன் அறைக்குரியது. ஐந்து நகமுடைய யாளி நெய்யப்பட்டிருப்பின் அது பேரரசர்க்குரியது.

"பௌத்தர் போற்றும் எண்மங்கலமும், தாவோ நெறியாரின் எண்மர் ஏந்திய கருவிகளும் அவற்றில் வருகின்றனவே, கிறித்தவராகிய நாம் அவற்றைப் பாராட்டலாமோ?" என்று வினவுவாரும் எம்மிடையே உளர். சமண முனிவர் அருளிய சிந்தாமணியையும், பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையையும் இக்கல்லூரி வகுப்பில் அமர்ந்தே ஓதுகின்றேம். அதனால் எம் நம்பிக்கை தளர்ந்ததுமில்லை. அவற்றின் அழகு குறைந்ததுமில்லை. அயலான் தன் பிள்ளைக்குக் கூறிய வாழ்த்தைக் கேட்டு மகிழ்தற்கு அவன் சமயம் தடையாகாது.

இனித் தோழரின் வினாவுக்கு வருவாம். சொல்லைக் கொண்டு விளையாடுதல் சிறுவர் செயலோ? ஆம், சிறுவரும் செய்வர். ஆயின் சிறுவர் செய்வன யாவும் சிறியன என்பது எங்ஙனம் பொருந்தும்? நிங்சியாவின் நெசவாளர் பலர் எழுத்தறியாதவராகவும் இருந்திருக்கலாம்; மொழியின் ஒலி மட்டும் அவர்க்கு உரிமை. அவ்வொலியில் ஒளிந்திருந்த இரட்டைப் பொருளைக் கொண்டு, ஏடின்றி எழுத்தாணியின்றி, பிறர் வீட்டுத் தரையில் வாழ்த்தை எழுதி வைத்தனர். பாலன் தவழும் இடத்திலும், மணமக்கள் அமரும் இடத்திலும், முதியோர் படுக்கும் இடத்திலும் அது கிடந்தது. ஒருவரும் வாய்திறந்து கூறாதபோதும் அவ்வாழ்த்து அங்கு இருந்தது. சிலேடையின் தொழில் வித்தை காட்டுதல் மட்டுமன்று. ஒரு பொருளைக் காண்கையில் மற்றொரு பொருளை நினைக்கப் பழக்குதல் அது. மீனைக் கண்டு நிறைவை நினைப்பவன் உலகத்தைப் பெயர்ப்பட்டியலாகக் காணான். தொடர்புகளின் பின்னலாகக் காண்பான். இதனைக் கல்வி அன்று என்று கூறுவார் கல்வி எதுவென்று கூறுதல் வேண்டும்.

கம்பளத்தின் கவர்ச்சிக்கு முதுமையும் ஒரு காரணம். இதற்கு ஒரு வியத்தகு சான்று உண்டு. 1420ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பீகிங் அரண்மனையின் மண்டபங்களுக்கென மிங் பேரரசர் காலத்திற் பெருங்கம்பளங்கள் நெய்யப்பட்டன. அவற்றுள் எஞ்சிய சில இன்று பொன்மஞ்சள் நிறத்தன. மஞ்சள் பேரரசர்க்குரிய நிறம் ஆதலின் அஃது இயல்பே என்று தோன்றும். ஆயின் சாயத்தை ஆராய்ந்தோர் கண்ட உண்மை வேறு. அவை நெய்யப்பட்டகாலை சிவப்பாய் இருந்தவை. ஒளிபட்டு ஒளிபட்டுச் சிவப்புப் போய் இவ்வண்ணம் எய்தியவை. அச்சிவப்பைத் தந்தது ஒரு மரத்தின் வயிரம். நம்மவர் பதிமுகம் என்றும் சப்பங்கம் என்றும் கூறும் மரமே அது. அதன் சீவலை நீரில் இட்டால் நீர் செந்நிறம் பெறுதலைக் கண்டோர் நம்மில் பலர்.

அம்மரம் சீனத்துக்குக் கடல்வழியே சென்றது. சயாம் முதலிய நாடுகளினின்று மிகுதியாகச் சென்றது. 1405 முதல் 1433 வரை செங் ஹே தலைமையில் ஏழு முறை கடலோடிய கலங்களில் உடன் சென்ற மா ஹுவான், நம் மேல்கரைக் கொல்லத்திலும் அம்மரமும் மிளகும் உண்டு எனக் குறித்தார். அக்கலங்களே இலங்கையின் காலித் துறைக்குச் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிற் பொறித்த கல்லைக் கொணர்ந்தன. அதில் உள்ள ஆண்டு 1409. மரமும் மிளகும் அரசின் பண்டகசாலையில் அளவிறந்து குவிந்தமையால், அந்நூற்றாண்டில் மிங் அரசு தன் அலுவலர்க்கு ஊதியத்தின் ஒரு பகுதியை மிளகாகவும் சாயமரமாகவும் அளந்து கொடுத்தது என்பர் வரலாற்றார். அத்துணை மலிந்த சாயத்தின் சிவப்பு நில்லாதொழிந்தது. சிவப்பு நீங்கியபின் எஞ்சிய பொன்னிறத்தையே உலகம் வியக்கின்றது. நெய்தவன் அதனை எண்ணியிரான். மனிதன் கருதிய அழகு ஒன்று; காலம் அளித்த அழகு மற்றொன்று. தான் கருதியது மறைந்தபின்னும் அழிவுறாது நிற்கும் பொருளே நல்ல பொருள் என்று யாம் கூறுவேம்.

இவ்வளவும் புகழ்ந்தபின் ஒரு கசப்பான உண்மையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. கம்பளம் தானே விளைவதன்று; அதற்குக் கைகள் வேண்டும். தாங் மரபுக் காலத்துப் பெரும்புலவர் பை ஜூயி (772 முதல் 846 வரை), சுவான்சௌவில் அரசவைக்கென நெய்யப்பட்ட சிவந்த பட்டுக்கம்பளத்தைப் பாடினார். பாராட்டிப் பாடவில்லை, குளிரில் வாடும் மக்கள் உடைக்கு வேண்டிய இழையைத் தரைக்கு உடுத்துவதோ என்னும் கருத்தால் அதிகாரியை இடித்துரைத்துப் பாடினார். கம்பளத்தின் அழகை அறியாதவர் அல்லர் அவர், அறிந்தே வருந்தினார்.

அவர்க்குப் பதினொரு நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வருத்தம் தீரவில்லை. 1900ஆம் ஆண்டில் வேற்றுநாட்டுப் படைகள் பீகிங்கைப் பற்றியபின் அரண்மனைப் பொருள்கள் பல சிதறி மேனாடு சென்றன. கம்பளத்தின் சுவையை மேனாட்டார் அறிந்தனர். 1914இல் தொடங்கிய பெரும்போரால் துருக்கியும் பாரசீகமும் அனுப்பி வந்த கம்பளங்கள் தடைப்பட, அமெரிக்க வணிகர் பீகிங்குக்கும் தியன்சினுக்கும் திரும்பினர். பட்டறைகள் பெருகின. அவற்றில் முடிச்சிட்டவர் யார்? 'பீகிங் கம்பளங்களும் பீகிங் சிறுவர்களும்' என்னும் பொருள்பட்ட பெயரோடு 1924இல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுநூல் வெளிவந்தது. அப்பெயரே யாவும் கூறும். நாட்டுப்புறத்தினின்று வந்த சிறுவர் தொழில் பயில்வோர் என்னும் பெயரால் சில ஆண்டுகள் உணவும் உறையுளுமே பெற்று, கூலியின்றி நாளெல்லாம் தறிமுன் அமர்ந்தனர். எம்மினும் இளையோர் அவர். வௌவாலையும் மாதுளையையும் நெய்து, கடல் கடந்த ஒருவர் வீட்டுக்கு நற்பேறும் நிறைவும் வாழ்த்திய அவ்விரல்களுக்கு அவ்வாழ்த்துள் ஒன்றேனும் வாய்த்ததோ?

இவ்வினா எம்மைப் பலநாள் வருத்திற்று. அழகை வெறுத்து ஒதுக்குதலே அறம் என்று ஒருகால் எண்ணினேம். மீண்டும் எண்ணுங்கால் அது சரியன்று எனக் கண்டேம். நெய்தவனை மறந்து கம்பளத்தை விரும்புதல் ஒரு குற்றம். நெய்தவன்பொருட்டுக் கம்பளத்தையே வெறுத்தல் மற்றொரு குற்றம். அவன் தந்தது வேறு யாது? பெயரைத் தரவில்லை, உருவத்தைத் தரவில்லை. இவ்விழையில் உள்ள வாழ்த்தொன்றையே விட்டுச் சென்றான். அதனையும் படியாது விடுவோமாயின் அவனை இருமுறை வறியனாக்கியவர் ஆவேம். அவன் எழுதியதைப் படித்தலும், இன்று எந்நாட்டுத் தறியிலும் சிறுவர் கை கூலியின்றி வருந்தாது காத்தலும் ஆகிய இரண்டும் ஒருங்கு செய்யத்தக்கன.

வணிகத்தின் செய்தியை ஒரு சொல்லில் முடிப்பாம். தேவை மிக்கபின் இரசாயன நீரில் கழுவிப் புதியதற்குப் பொய்ப்பளபளப்பும் பொய்முதுமையும் ஏற்றினர். கண்ணைப் பறிக்கும் செயற்கைச் சாயங்களும் புகுந்தன. பழையதன் விலையோ வானளாவிற்று. 2021ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஏலத்தில், யாளிகள் நெய்த மிங் காலத்து அரண்மனைக் கம்பளம் ஒன்று 60 இலட்சம் யூரோவுக்கும் மேலாக விலைபோயிற்று. அத்தொகையைக் கண்டு கம்பளத்தை மதிப்பார் முடிச்சை எண்ணி மதிப்பாரினும் மேம்பட்டவர் அல்லர். இருவரும் ஏட்டை நிறுத்து விலை கூறுவோரே.

ஆகவே எம் கருத்து இது. சீனத்துப் பழங்கம்பளத்தின் பெருமை அதன் நுண்மையில் இல்லை, அருமையில் இல்லை, அரசர் மிதித்தார் என்பதிலும் இல்லை. சில நிறங்களையும் சில உருவங்களையும் கொண்டு, சுற்றிலும் வெறுமையை விட்டு, தன் மொழியின் ஒலியையே வாழ்த்தாக்கித் தரையில் விரித்த அவ்வெண்ணத்தில் உள்ளது. அதனைக் காண்போர் பலர், படிப்போர் சிலர். நம் மொழியிலும் அங்ஙனம் காணப்பட்டுப் படிக்கப்படாது கிடக்கும் நூல்கள் எத்தனையோ! அவற்றைப் படித்தற்கென்றே சிறப்புத் தமிழ் வகுப்பில் எம்போல்வார் சிலர் அமர்ந்திருக்கின்றேம். பயன் யாது என்று வினவுவார்க்கு யாம் கூறத்தக்க விடை ஒன்றே. முன்னோர் நமக்கென எழுதி வைத்த வாழ்த்தைப் பொருள் அறியாது மிதித்துச் செல்லாதிருத்தலே அப்பயன்.

அடுத்த திங்கள் எம் தோழர்க்குப் பிறந்தநாள் வருகின்றது. கம்பளம் வாங்கப் பொருளில்லை. ஒரு தாளில் தலைகீழாக ஒரு வௌவால் எழுதி அவர் மேசைமேல் வைக்க எண்ணியுள்ளேம். பொருள் யாதென்று அவர் வினவுவாராயின், இக்கட்டுரையைப் படிக்குமாறு கூறுவேம்.